கயிற்றுக்கு அடியில் இருந்த நிறம்

சாலவாக்கம் ரோட்டில் வைக்கோல் ஏற்றி வந்த லாரி தாழத் தொங்கிய மின்கம்பியில் உரசிப் பற்றிக்கொண்டதே, அந்தக் கோடையில்தான் என் கை கறுக்க ஆரம்பித்தது. டிரைவர் கெட்டிக்காரன். எரிகிற வண்டியை நிறுத்தாமல் நேரே ஏரிக்குள் விட்டுவிட்டான். ஏரியில் தண்ணீர் முழங்கால் அளவுதான். வைக்கோல் போனது, வண்டி பிழைத்தது. நான் அப்போது வாத்துகளோடு ஏரிக்குள்தான் நின்றுகொண்டிருந்தேன். வாத்துகள் மிரண்டு நாலு பக்கமும் சிதறின. அவற்றைத் திரட்டிச் சேர்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கை கழுவினால் புறங்கை இரண்டும் எரிந்தன. லாரியின் அனல் பட்டிருக்கும் என்று நினைத்தேன். என் மனைவி கன்னியம்மாளும் அப்படித்தான் நினைத்துக் கற்றாழையை அறுத்துத் தேய்த்தாள்.

அது அனல் இல்லை. எங்கள் இரண்டு பேரையும் வெயிலுக்கு ஆகாதவர்களாக்கிவிடப் பார்த்த நோய். வெயில் ஆகாது என்றால் எங்களுக்குப் பிழைப்பு கிடையாது. நான் சொல்லச் சொல்ல மகள் தேவகி எழுதுகிறாள். பேச்சு வேறு பக்கம் போனால் பேனாவால் தரையைத் தட்டுவாள், நான் திரும்பி வந்துவிடுவேன்.

உத்திரமேரூரில் முட்டை வியாபாரம் செய்யும் பாயின் வாத்துகளை நானும் கன்னியம்மாளும் மேய்க்கிறோம். அறுப்பு முடிந்த வயலில் சிந்திய நெல்லும் நத்தையும் வாத்துக்குத் தீனி. ஒரு வயல் தீர்ந்தால் அடுத்த வயல். அங்கே மரம் இருக்காது. வெயில் ஏறினால் வாத்து ஒன்றின் இறக்கைக்குப் பக்கத்தில் இன்னொன்று ஒண்டிக்கொள்ளும். மனுஷனுக்கு அதுவும் இல்லை. கையில் ஒரு கழி, கழி நுனியில் ஒரு பிளாஸ்டிக் பை. வாத்தை அடிக்கக்கூடாது. பையின் சரசரப்புக்கே திரும்பும். அடித்தால் மறுநாள் முட்டை குறையும். பாய் தட்டில் முட்டையை அடுக்கும்போதே கேட்டுவிடுவார்: "இன்னா முனுசாமி, நேத்து வாத்தாண்ட சண்டையா?"

தேவகி தட்டிவிட்டாள். சரி, நோய்க்கு வருகிறேன்.

முந்தைய மழைக்காலத்திலிருந்து எனக்கு இருமல். சளியைப் பரிசோதித்துக் காசநோய் என்றார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், ஒரு நாள் விடாமல் விழுங்கி வந்தேன். இருமல் நின்றது. ஆனால் உடம்பில் சதை ஒட்டவில்லை. அந்தச் சமயத்தில்தான் லாரி எரிந்தது, கை எரிந்தது.

முதலில் சிவப்பு. பிறகு கறுப்பு. பிறகு பழைய சுவரில் சுண்ணாம்பு உரிவதுபோல் தோல் உரிந்தது. புறங்கை, பாதம், சட்டையின் மேல் பொத்தான் போடாத இடத்தில் கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை. இரண்டு கையிலும் ஒரே மாதிரி, யாரோ அளவெடுத்துக் கறுப்புக் கையுறை மாட்டிவிட்டதுபோல் இருந்தது.

எங்கள் பக்கத்தில் தோலில் ஏதாவது வந்தால் வைத்தியருக்கு முன்னால் அடுப்படிக்குத்தான் போவோம். கரப்பான் என்று ஒரு வார்த்தை இருக்கிறது. சொறியைக் கிளப்பிவிடுகிற பண்டங்களுக்கு அந்தப் பெயர். கருவாடு கரப்பான், கத்திரிக்காய் கரப்பான், முட்டை கரப்பான், வேர்க்கடலை கரப்பான். பத்தியம் இருந்தால் தோல் ஆறும் என்று தெருவே சொல்லும். நானும் முதலில் கருவாட்டை விட்டேன். ஆறவில்லை. முட்டையை விட்டேன். இன்னும் கறுத்தது. கறி, மீன், வேர்க்கடலை, கேழ்வரகுக் கூழ் என்று ஒவ்வொன்றாக விட்டேன். நோய் ஏற ஏற நான் ஒன்றை விட்டேன். நான் விட விட நோய் ஏறியது. கடைசியில் உப்புப் போடாத ரேஷன் அரிசிக் கஞ்சியில் வந்து நின்றேன். விடிந்தால் கூடை கூடையாக முட்டை பொறுக்குகிறவன், ஒரு முட்டை வாயில் வைத்து மாதக்கணக்காகிவிட்டது.

கன்னியம்மாள் அந்தக் கஞ்சியைக் குழைய வைத்து, ஆற்றி, நூல் துணியில் தூசி படாமல் மூடி, வயலுக்கே கொண்டுவருவாள். "இந்தாய்யா, இன்னும் ஒரு மாசம் பல்லக் கடிச்சிக்கோ. எல்லாம் உதுந்து போய்டும்."

தேவகியின் புருஷன் ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கிறார். அவர் ஒரு நாள் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே பெரணிச் செடிச் சாறு அடைத்த கேப்ஸ்யூல். டப்பா மேல் சூரியன் படம். வெயில் தோலைத் தாக்காமல் இருக்க உள்ளுக்குச் சாப்பிடுகிற மருந்து என்றும், போனில் பார்த்து வரவழைத்தேன் என்றும் சொன்னார்.

"மாமா, இத்த முழுங்கிட்டுப் போனா வெயிலு ஒண்ணும் பண்ணாதாம்."

"அப்போ துண்டு தேவையில்லியா மாப்ளே?"

"அப்டித்தான் போட்டுக்கீது."

அந்த மனுஷன் ஆசையாக வாங்கி வந்தது. டப்பா தீரும்வரை விழுங்கினேன். மேல்துண்டையும் தோளிலேயே போட்டுக்கொண்டு நடந்தேன். கழுத்துப் பட்டை வெடித்து நீர் வடிந்ததுதான் மிச்சம்.

இதற்குள் வேறொன்று தொடங்கியிருந்தது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எனக்கு உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும்போல் இருக்கும், எழுந்தால் நடக்க வேண்டும், நடந்தால் எங்கே போகிறோம் என்று மறந்துவிடும். தூக்கம் போய்விட்டது. நாக்கு வெந்த மாதிரி சிவந்து, கஞ்சிகூட எரிந்தது. வயிறு ஓயாமல் போனது. வாத்துகளை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று ஒரு காலையில் கத்தியிருக்கிறேன். பாயை விரல் நீட்டித் திருடன் என்றிருக்கிறேன். கன்னியம்மாள் கஞ்சியில் ஏதோ கலக்கிறாள் என்று சட்டியைத் தூக்கி எறிந்திருக்கிறேன். அவள் மண்ணிலிருந்து சட்டியை எடுத்துக் கழுவினாளாம்.

தேவகிதான் வந்து என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அம்மாவையும் கூப்பிட்டாள். "நானும் வந்துட்டா வாத்த யாரு பாக்கறது? நீ இட்டுக்கினு போ," என்று கன்னியம்மாள் கழியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டாள். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்ற வெயிலில் அவள் மட்டும் நின்றாள்.

தோல் பிரிவு வாசலில் நீள பெஞ்சு. அதில் ஒரு இடம் பிடித்தால் நகர்ந்து நகர்ந்துதான் கதவைத் தொட முடியும். என்னால் நகர முடியாது. எழுந்து எழுந்து ஓடினேன். தேவகி என் இடத்தில் துண்டைப் போட்டுவிட்டு, என் பின்னால் ஓடுவாள். "நைனா, குந்து நைனா. உன்னக் கையெடுத்துக் கும்புடறேன்." நான் குடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று பெஞ்சில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அது எனக்கு அந்தக் குழப்பத்திலும் தெரிந்தது.

உள்ளே ஒரு டாக்டரம்மா. என் பேத்தி வயசுதான் இருக்கும். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலது மணிக்கட்டில் கோயிலில் கட்டிவிட்ட கயிறு இருந்தது. "இதைக் கொஞ்சம் தள்ளுங்க தாத்தா," என்றார். தள்ளினேன். அடியில் மெல்லிய கோடாக என் பழைய நிறம், பளிச்சென்று. அக்கம்பக்கமெல்லாம் கரி. பாதத்தைப் பார்த்தார். செருப்பு வார் மூடிய இடத்திலும் அதே மாதிரி பழைய நிறம்.

"வெயில் பட்ட இடம் மட்டும்தான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"வெயில்ல நிக்கறதுதாம்மா என் வேலையே. இனிமே நிக்கக்கூடாதா?"

"அதைத்தான் பார்க்கணும். படுங்க, அட்மிஷன் போடறேன்."

ரத்தம் எடுத்தார்கள், மூத்திரம் எடுத்தார்கள். மரக்க வைக்கிற ஊசி போட்டுப் புறங்கையில் கடுகளவு தோலை வெட்டி எடுத்தார்கள். பயாப்ஸி என்றால் அவ்வளவுதான், வெட்டின தோலைக் கண்ணாடியில் வைத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது. பயப்பட ஒன்றுமில்லை. காத்திருப்பதுதான் பயம். தேவகி ஒவ்வொரு சீட்டையும் எடுத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கினாள். வெளியில் எடுக்கச் சொன்ன ஒரு பரிசோதனைக்குக் காதில் இருந்ததைக் கழற்றினாள். மறைத்துத்தான் செய்தாள், ஆனால் வெறுங்காது தெரியாதா?

என் பக்கத்துக் கட்டிலில் சவரிமுத்து. ராஜகுளத்துக்காரர், ரோட்டுக்குத் தார் ஊற்றும் வேலை. கொதித்த தார் காலில் சிந்திப் படுத்திருந்தார். அந்த வலியிலும் வாய் ஓயாது.

"யோவ், நீ வாத்த மேய்ச்சியா, வாத்து உன்ன மேய்ச்சிதா? ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கறியே."

"உனுக்கு இன்னா, கால் கட்டிப் போட்டுக்கீது. எனுக்கு ஒடம்பு பூரா ஓடுது."

"ஓடு ஓடு. ஓடறதுக்கு முன்னாடி அந்த முட்டைய இப்டிக் குடுத்துட்டு ஓடு."

ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் தினமும் அவித்த முட்டை ஒன்று வைப்பார்கள். நான் தொடமாட்டேன். சோற்றில் தண்ணீர் விட்டுக் கரைத்துக் குடித்துவிட்டு, முட்டையைச் சவரிமுத்துவிடம் நீட்டுவேன். பாலையும் நீட்டுவேன். ஊசியும் களிம்பும் ஒரு பக்கம், என் பத்தியம் ஒரு பக்கம். கட்டிலில் இருந்துகொண்டே நான் தேய்ந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் வராந்தாவுக்கு வந்து, வெயிலைக் கண்டு, வாத்தை ஓட்டப் போக வேண்டும் என்று படியில் இறங்கிவிட்டேன். வாட்ச்மேன் பிடித்து வந்து விட்டார்.

மறுநாள் மதியம் டாக்டரம்மா வேறு யாரையோ பார்க்க வந்தவர், என் கை நீளுவதையும் சவரிமுத்து கை வாங்குவதையும் பார்த்துவிட்டார்.

"தாத்தா, ஏன் முட்டையை அவருக்குக் குடுக்கறீங்க?"

"பத்தியம்மா."

"யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? மேலுக்கு வந்துக்கீது, முட்டை துன்னலாமா?"

"நான் தேறிக்கினு வர்றதே இவரு பத்தியத்துலதாம்மா," என்றார் சவரிமுத்து, வாயில் முட்டையோடு.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வேறு என்ன சாப்பிடுவதில்லை என்று கேட்டார். நான் சொன்னேன். மீன்? இல்லை. கறி? இல்லை. கடலை? இல்லை. பருப்பு? அதையும் விட்டாச்சு. எத்தனை நாளாக? லாரி எரிந்ததிலிருந்து, என்றேன். எந்த லாரி என்று தேவகி விளக்க வேண்டியிருந்தது. அவர் என் நாக்கை மறுபடி நீட்டச் சொன்னார். வயிறு எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்டார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "கண்ணு முன்னாடியே இருந்திருக்கு," என்றார்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். நியாசின் என்று ஒரு சத்து. முட்டை, மீன், கறி, வேர்க்கடலை, பயறு இவற்றிலிருந்துதான் உடம்பு அதை எடுத்துக்கொள்ளும். அது இருந்தால்தான் தோல் வெயிலைத் தாங்கும். அது தீர்ந்துபோனால் மற்றவர்கள் சாதாரணமாக நிற்கிற வெயிலே தோலைச் சுட்டுவிடும். வயிறு கெடும். புத்தியும் தடுமாறும். பெல்லாக்ரா என்று பெயர். காசநோய் மாத்திரைகளில் ஒன்று சிலர் உடம்பில் அந்தச் சத்தைக் குறைத்துவிடுமாம். நன்றாகச் சாப்பிட்டிருந்தால் தாங்கியிருக்கும். நான் வாயையும் கட்டிவிட்டேன்.

"அப்போ நான் பாய் மேல கத்தினது, சட்டிய வுட்டு எறிஞ்சது?"

"அது நீங்க இல்ல தாத்தா. அந்த நோய்."

அந்த வார்த்தையைக் கேட்டுத் தேவகி அழுதுவிட்டாள்.

மாப்பிள்ளையின் சூரியன் டப்பாவைப் பற்றியும் கேட்டேன். அந்த மாதிரி மருந்து சிலருக்குக் கொஞ்சம் துணையாக இருக்கும், ஆனால் விழுங்கின மாத்திரை குடையாகாது, துண்டையும் சட்டையையும் விடக்கூடாது என்றார். எனக்குக் குறைந்திருந்தது வேறு. அதற்குத்தான் ஒரு சாதாரண வைட்டமின் மாத்திரை எழுதினார். காசநோய்ப் பிரிவு டாக்டர்களோடு பேசி அந்தக் காசநோய் மாத்திரையையும் மாற்ற ஏற்பாடு செய்தார்.

முதல் முட்டை தொண்டையில் இறங்க மறுத்தது. ருசியால் இல்லை, பயத்தால். விடிந்தால் உடம்பெல்லாம் வெடித்துவிடும் என்று நினைத்தேன். சவரிமுத்து என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "துன்னுய்யா. இன்னியோட என் நாஷ்டா போச்சி," என்றார். இரண்டு மூன்று நாளில் நாக்கு ஆறியது, வயிற்றுப்போக்கு நின்றது. ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்தால் ஃபேன் சுற்றுகிறது, நான் படுத்திருக்கிறேன், எழுந்து ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. அப்படியே கிடந்து ஃபேனைப் பார்த்தேன். தோல் மட்டும் கறுப்பாகவே இருந்தது. அதற்கு வாரக்கணக்காகும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மாள் வந்தாள். பாயின் ஆள் ஒருவன் அரை நாள் வாத்தைப் பார்த்துக்கொள்கிறானாம். எனக்குத் தூக்கு நிறையக் கஞ்சி. நான் அதை ஒதுக்கிவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"முட்டை துன்னா ஆறுதா? இன்னாய்யா இது, ஊருல இல்லாத வைத்தியம்?"

"ஆறிக்கினுதான் கீது. நீ துன்னியா?"

"துன்னணும்," என்று பையிலிருந்து இன்னொரு சின்னத் தூக்கை எடுத்தாள். திறந்தாள். அதிலும் கஞ்சி. உப்பில்லாத, மேலே ஒரு மிளகாய்கூட இல்லாத வெறுங்கஞ்சி.

"உனுக்கு எதுக்குக் கஞ்சி?"

"ஆங்... நீ கஞ்சி குடிக்கிறப்போ நான் மட்டும் கருவாட்டுக் கொயம்பு வெச்சித் துன்னா எறங்குமா? வாசனை வந்தா உனுக்கும் ஆச வரும்."

"எப்போலேந்து?"

"நீ எப்போலேந்தோ, அப்போலேந்து."

அவள் வியர்வையைத் துடைக்க முந்தானையை எடுத்தாள். தாலிக்கயிற்றைச் சற்று ஒதுக்கிக் கழுத்தைத் துடைத்தாள். கயிறு இருந்த இடத்தில் மெல்லிய கோடு. அவளுடைய பழைய நிறம். இரண்டு பக்கமும் கரி.

"கைய காட்டு."

"இன்னாத்துக்கு?"

"காட்டுமே!"

காட்டினாள். புறங்கை கறுத்துச் செதில் விட்டிருந்தது. சேற்றுத் தண்ணி என்றாள். அடுப்புக் கரி என்றாள். வயிறு போகிறதா என்று கேட்டேன், வயசானால் போகும் என்றாள். நாக்கை நீட்டச் சொன்னேன், பைத்தியம் தெளியவில்லை என்று தேவகியிடம் சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள். "நாலு மணி பஸ்ஸ உட்டா வாத்துங்கள பட்டில அடைக்க ஆள் கெடையாது."

நான் வாசலில் போய் நின்றுகொண்டேன். அத்தனை நாள் என்னை உள்ளே பிடித்து வைத்தார்கள், இப்போது நான் அவளைப் பிடித்து வைத்தேன். "யோவ் வழிய வுடு, பேஜார் பண்ணாத," என்று தள்ளினாள். அந்தத் தள்ளலில் பலமே இல்லை. முன்பெல்லாம் நெல் மூட்டையை ஒற்றைக் கையால் சாய்க்கிறவள். தேவகி நர்சம்மாவிடம் ஓடினாள். நர்சம்மா டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார். அவர் வரும்வரை நான் கதவை விடவில்லை. சவரிமுத்து கட்டுப் போட்ட காலை எடுத்து வழிக்குக் குறுக்கே நீட்டிவிட்டார். "தாண்டு பாப்போம் தாயீ, இந்தக் கால மிதிச்சா நான் செத்தேன்."

டாக்டரம்மா வந்து அவள் கழுத்துக் கயிற்றைத் தள்ளிப் பார்த்தார். என் மணிக்கட்டைத் தூக்கி அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டு கோடும் ஒரே மாதிரி.

"ஆரம்பம்தான். ஆனா இப்படியே வெயிலுக்குப் போனா, தாத்தா மாதிரி ஆயிடுவீங்க பாட்டி."

கன்னியம்மாள் அப்போதும் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "ஒன்னிய மாதிரி ஆனா, யாரு மேல சட்டிய எறியறது?" என்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

அவளைப் பெண்கள் வார்டில் சேர்த்தார்கள். தேவகி இரண்டு வார்டுக்கும் நடுவில் ஓடினாள். வாத்துக்கு என்ன வழி என்று பாய்க்குப் போன் செய்தால், "வாத்தா முக்கியம்? நான் பாத்துக்கறேன், போன வெய்யி," என்றார். அவரே வெள்ளைக் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு வயலில் நின்றாராம். வாத்துகள் குடையைக் கண்டு மிரண்டு அடுத்தவன் நாற்றங்காலில் இறங்கிவிட்டன. அந்தத் தகராறு தனிக் கதை. மறுநாள் ரொட்டியும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தவர், என் தலைமாட்டில் நின்று, "என்னத் திருடன்னு சொன்னல்ல, அதுக்குத் தண்டனை இந்தப் பேரீச்சம்பயத்த பூரா துன்னணும்," என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கையிலிருந்து உதிர்ந்த தோல் அவர் கையில் ஒட்டியது. அவர் தட்டிவிடவில்லை.

இப்போது வயலுக்குத் திரும்பிவிட்டோம். முழுக்கைச் சட்டை, கழுத்தைச் சுற்றித் துண்டு. உச்சி வெயிலில் நான்கு கழியை நட்டுச் சாக்குப் படுதா கட்டி அதன் அடியில் இருவரும் உட்காருகிறோம். வாத்துகளும் மெதுவாக உள்ளே வந்துவிடுகின்றன. காலையில் முட்டை பொறுக்கியதும் முதலில் இரண்டை அடுப்பில் போட்டுவிட்டுத்தான் மற்றதைத் தட்டில் அடுக்குகிறோம். பாய்தான் அப்படிச் சொன்னார். என் மணிக்கட்டுக் கயிற்றைத் தள்ளினால் இப்போது கோடு சரியாகத் தெரிவதில்லை. அவளுடையதை நான் தினமும் பார்க்கிறேன். "இன்னா, புது மாப்ளே மாரி கய்த்தயே பாத்துக்கினு கீற?" என்று திட்டுகிறாள்.

டாக்டரம்மா எழுதிய வைட்டமினைத் தெருவில் வெயில் மாத்திரை என்கிறார்கள், பலபேர் அதன் பெயரை என்னிடம் கேட்கிறார்கள். களையெடுக்கப் போகிறவர்கள், தார் வேலைக்குப் போகிறவர்கள். விழுங்கிவிட்டால் வெயில் சுடாது என்று நினைக்கிறார்கள். நான் பெயர் சொல்வதில்லை. எனக்கு இல்லாமல் போனதைத்தான் அது திருப்பிக் கொடுத்தது. வயிறு நிறையச் சாப்பிடுகிறவனுக்கு அது தோல்மேல் போர்வையாகிவிடாது. டாக்டரைக் கேளுங்கள், துண்டைக் கட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இதைப் படிக்கிறவர்கள், படித்துக் காட்டக் கேட்கிறவர்கள், எனக்காக ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருவில் யாராவது தோலில் எதையோ கண்டு ஒவ்வொரு பண்டமாக விட்டுக்கொண்டு வந்தால், காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் இன்னும் முக்கியம், அவரிடம் போய் இதைச் சொல்லுங்கள். எதை விட்டேன் என்று டாக்டரிடம் வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்து, அவரோடு சேர்ந்து யார் கஞ்சி குடிக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.